எண்டோஸ்கோப்பிக் டி.சி.ஆர். செய்த பிறகும் கண்ணில் நீர் வடிகிறது: எங்கே தவறுகிறது?

#1 நெல்லைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்கு வயசு 58. இடது கண்ல பல வருஷமா தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கும். காலையில எந்திரிச்சா பீளை கட்டி இமை ஒட்டிக்கிடும். கண்ணீர்ப் பாதை அடைச்சிருக்குன்னு சொல்லி, முகத்துல தழும்பு வராம மூக்கு வழியாவே எண்டோஸ்கோப் (கேமரா வச்ச மெல்லிய குழாய்) வச்சு டி.சி.ஆர்., அதாவது கண்ணீர்ப் பையை மூக்குக்குள்ள திறந்து விடுற ஆபரேஷன் செஞ்சாங்க. சிலிக்கான் ட்யூப் போட்டிருந்தாங்க. ட்யூப் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்ல. எடுத்த கொஞ்ச நாள்லயே பழையபடி ஆரம்பிச்சிட்டு.

திரும்பப் போய்க் காட்டினோம். ஊசி வழியாத் தண்ணி விட்டுப் பாத்தாங்க. தொண்டைக்கு இறங்குது, பாதை திறந்துதான் இருக்கு, ஆபரேஷன் சக்சஸ்னு சொல்லி சொட்டு மருந்து எழுதி அனுப்பிட்டாங்க. ஆனா அம்மா மூக்கோரத்துல விரல வச்சு அழுத்தினா கொழகொழன்னு சளி மாதிரி கண்ணுக்குள்ள வருது. பாதை திறந்திருந்தா அது எப்படி வரும்? இந்த ஆபரேஷன் ஏன் சிலருக்கு மட்டும் சரியா வரமாட்டேங்குது? திரும்பவும் செய்யணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஆப்டோ_தஞ்சை

சகோதரி, நான் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன், அறுவை மருத்துவர் இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. தண்ணீர் விட்டால் தொண்டைக்கு இறங்குகிறது, அழுத்தினால் சளி மேலே வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முதலாவதை மட்டும் வைத்து முடிவு சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிரிஞ்சில் நாங்கள் விரலால் அழுத்தம் கொடுக்கிறோம். சாதாரணமாகக் கண்ணீர் இறங்குவது இமைக்கும்போது உண்டாகும் மெல்லிய இழுப்பினால். மிகக் குறுகிய துளையாக இருந்தாலும் சிரிஞ்சுத் தண்ணீர் போய்விடும், கண்ணீர் போகாது.

தண்ணீர் விட்டபோது கொஞ்சமாவது மேல் இமைத் துளை வழியாகத் திரும்பி வந்ததா? ட்யூப் எடுத்த பிறகு மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டு யாராவது பார்த்தார்களா? அம்மாவுக்குக் காற்று, வெயில் பட்டால் மட்டும் வடிகிறதா, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் வடிகிறதா?

#3 நெல்லைக்காரி

பாதி இறங்கிச்சு, பாதி கண் ஓரமா கன்னத்துல வழிஞ்சிச்சுன்னு அம்மா சொல்றாங்க. வீட்டுக்குள்ள இருந்தாலும் வடியுது. ட்யூப் எடுத்த பெறகு மூக்குக்குள்ள யாரும் பாக்கல. உப்புத் தண்ணி விட்டு மூக்கு கழுவச் சொன்னாங்க, ஸ்ப்ரே கொடுத்தாங்க, எல்லாம் சொன்னபடியே செஞ்சோம். இருந்தாலும் நாங்க சரியாப் பாத்துக்கலையோன்னு அம்மாவுக்கு ஒரு நெனப்பு.

#4 வேப்பங்கொழுந்து

ஆபரேஷன் எல்லாம் வேண்டாம்மா. நந்தியாவட்டைப் பூவைப் பிழிஞ்சு காலையிலும் ராத்திரியும் கண்ணில் விடுங்க. எங்க பாட்டி காலத்தில் எல்லாருக்கும் இதுதான்.

#5 இமையோரம்

நான் கண் மருத்துவர். இமை, கண்ணீர்ப் பாதை அறுவை சிகிச்சைதான் என் பிரிவு. முதலில் நந்தியாவட்டை பற்றி: தயவுசெய்து விட வேண்டாம். இந்த அம்மாவின் கண்ணீர்ப் பையில் ஏற்கெனவே சளி தேங்கியிருக்கிறது, அதாவது கிருமி வளர இடம் இருக்கிறது. சுத்திகரிக்காத எந்தச் சாறும் கருவிழியில் ஒரு சிறு கீறலோடு சேர்ந்தால் புண்ணாகி, பார்வையே போகலாம். அப்படி வந்தவர்களைப் பார்த்திருப்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு. இமையின் உள்மூலையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சிறு துளைகள் உண்டு. அங்கிருந்து சுமார் 10 மி.மீ. நீளமுள்ள மெல்லிய குழாய்கள் கிளம்பி, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றாகச் சேர்ந்து கண்ணீர்ப் பைக்குள் போகின்றன. பைக்குக் கீழே எலும்புக்குள் ஓடும் நாளம் மூக்கின் கீழ்ப்பகுதியில் திறக்கிறது. அந்த நாளம் அடைபட்டுப் போவதுதான் நடுத்தர வயதில், அதிலும் பெண்களுக்கு, அதிகம் காணப்படும் கோளாறு. டி.சி.ஆர். செய்யும்போது அடைபட்ட நாளத்தைத் தொடுவதில்லை. பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எலும்பை எடுத்துவிட்டு, பையை நேரடியாக மூக்குக்குள் திறந்து விடுகிறோம்.

ஆகவே இது வேலை செய்ய வேண்டுமானால், பைக்கு மேலே உள்ள குழாய்கள் நன்றாக இருக்க வேண்டும். பை முழுவதும் திறக்கப்பட்டிருக்க வேண்டும். திறந்த வாய் ஆறும்போது மூடாமல் இருக்க வேண்டும். இமை நன்றாக இமைத்துக் கண்ணீரைத் தள்ள வேண்டும். இவற்றில் எது இல்லாமல் போனாலும் நோயாளி சொல்வது ஒரே வார்த்தைதான்: ‘ஆபரேஷன் பண்ணியும் தண்ணி வருது.’ எது இல்லை என்று கண்டுபிடிக்காமல் மறுபடி அறுவை செய்தால் மறுபடியும் தோற்கும். எங்களிடம் இரண்டாம் முறை அறுவைக்கு வருபவர்களில், முதல் அறுவை ஏன் தவறியது என்று யாருமே தேடிப் பார்க்காதவர்கள் பலர். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது.

நெல்லைக்காரி, அம்மாவிடம் சொல்லுங்கள்: அழுத்தினால் சளி வருகிறது என்பது மூக்கு கழுவியதாலோ கழுவாததாலோ வந்ததில்லை. அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

#6 நாசித்துளை

நான் காது மூக்கு தொண்டை டாக்டர். மேடம் சொன்னதோட மூக்குப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

எண்டோஸ்கோப் வச்சு மூக்குக்குள்ள பார்த்தா கண்ணீர்ப் பை கண்ணுக்குத் தெரியாது. எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். மூக்கோட பக்கச் சுவர்ல இருந்து மடிப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற நடு டர்பினேட் எலும்பு அந்தச் சுவர்ல ஒட்டுற இடத்தை அடையாளமா வச்சுத்தான் தேடுறோம். ரொம்ப காலமா, பை அந்த அடையாளத்துக்கு முன்னால, கீழ இருக்கிற மாதிரிதான் நினைச்சு வேலை செஞ்சாங்க. 2000ல பி.ஜே. வோர்மால்டும் கூட்டாளிகளும் மருந்து செலுத்தி சி.டி. எடுத்துப் பார்த்தப்பதான், பையோட பெரும்பகுதி அந்த அடையாளத்துக்கு மேல, சராசரியா கிட்டத்தட்ட 9 மி.மீ. வரைக்கும் ஏறி இருக்குன்னு தெளிவாச்சு. அந்த மேல்பகுதியிலதான் இமைக் குழாய் வந்து திறக்குது. அங்க எலும்பு எடுக்கலைன்னா வாசலுக்கு எதிர்ல சுவரை விட்டுட்டு வந்த மாதிரி ஆயிடும்.

ஏன் எடுக்காம விடுறாங்க? பைக்குப் பின்பக்கத்துல இருக்கிற லாக்ரிமல் எலும்பு ரொம்ப மெல்லிசு, சுலபமா உரியும். முன்பக்கம் மேல்தாடை எலும்போட நெற்றிக்கிளை இருக்கே, அது தடிமன். மேல ஏற ஏற இன்னும் தடிமன் ஆகும். பஞ்ச் கருவி கடிக்காது, டிரில் வேணும். ரத்தம் கசிஞ்சா பார்வை மறையும். அந்த நேரத்துல ‘இது போதும்’னு நிறுத்திடறது நடக்குது. 90கள்ல லேசர் வச்சு செஞ்சப்ப துளை சின்னதா அமைஞ்சு, தோல்வி கூடுதலா வந்ததுக்கும் இதுதான் முக்கியக் காரணம்.

இன்னொண்ணு, பைக்குப் பக்கத்துலயே ஆகர் நேஸைன்னு ஒரு காற்றறை பலருக்கு இருக்கும். அதைத் திறந்துட்டு பையைத் திறந்ததா நினைச்சுக்கறதும் உண்டு. இமைத் துளை வழியா புரோப்ங்கற மெல்லிய கம்பியை விட்டு, அதோட நுனி மூக்குக்குள்ள மறைப்பில்லாமத் தெரியுதான்னு பார்த்தா இந்தத் தவறு வராது.

அம்மா விஷயத்துல என் சந்தேகம்: பை மேல் பாதி திறந்திருக்கு, கீழ் பாதி திறக்கல. தண்ணித் தொட்டியில குழாயை அடியில வைக்காம பாதி உயரத்துல வச்சா அடியில உள்ளது வெளியேறாது இல்லையா, அதே கதை. அடியில சளி தேங்கும், அழுத்தினா வரும். சிரிஞ்ச்ல விட்ட தண்ணி பையோட மேல் பாதியில திறந்த துளை வழியா மூக்குக்குள்ள போயிடும். இதுக்கு சம்ப் சிண்ட்ரோம்னு பேர். ஆனா மூக்குக்குள்ள பார்க்காம உறுதியாச் சொல்ல மாட்டேன்.

#7 பழைய தழும்பு

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு வெளியில் வெட்டித்தான் செய்தார்கள். தழும்பு கண்ணாடி போட்டால் தெரியாது. இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தழும்புக்குப் பயந்து மூக்கு வழியாகப் போவதால்தானே இத்தனை சிக்கல்? நேரே பார்த்துச் செய்வது போல வருமா?

#8 இமையோரம்

ஐயா, உங்களுக்கு நன்றாக அமைந்ததில் மகிழ்ச்சி. வெளிவழி அறுவை 1904ல் இத்தாலியில் அடியோ டோட்டி எழுதியது. பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் சேர்த்துத் தைக்கும் முறை 1921ல் பிரான்சில் வந்த பிறகு அது உறுதியாக நிலைத்தது. மூக்குவழி யோசனை அதைவிடப் பழையது, கால்டுவெல் 1893லேயே முயன்றார். ஆனால் உள்ளே பார்க்க வசதி இல்லாததால் கைவிடப்பட்டு, எண்டோஸ்கோப் வந்ததும் 1989ல் மெக்டோனாவும் மெய்ரிங்கும் மீண்டும் கொண்டு வந்தார்கள். இன்று நல்ல கைகளில் இரண்டு வழிகளுமே 100 பேரில் 85 முதல் 95 பேர் வரை பலன் தருகின்றன. நானே இரண்டையும் செய்கிறேன்.

வெளிவழியில் செய்தாலும் துளை சுருங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1982ல் லின்பெர்க் குழுவினர் வெளிவழி அறுவை செய்து குணமானவர்களின் மூக்குக்குள் பார்த்தார்கள். அறுவையின்போது எலும்பில் எடுத்த துளை சராசரியாக 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆறிய பிறகு மூக்கினுள் இருந்த வாய் 2 மி.மீ.கூட இல்லை. அந்த இரண்டு அளவுகளுக்கும் தொடர்பே இல்லை என்றும் கண்டார்கள். அவ்வளவு சிறிய வாய் போதும், கண்ணீர் இறங்கிவிடும். அதனால் எலும்புத் துளையின் அளவை மட்டும் வைத்துப் பேசுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எலும்பு மூடுவது அரிது. மூடுவது சவ்வுதான். சவ்வு இல்லாமல் எலும்பு வெளியே தெரிந்தபடி விட்ட இடத்தில் சதை வளர்ந்து தழும்பாக இறுகும்.

#9 நாசித்துளை

மேடம், அளவுக்கும் முடிவுக்கும் நேர்த் தொடர்பு இல்லைங்கறது சரி. ஆனா பெரிசா எலும்பு எடுத்தாத்தான் பை முழுசும் வெளிய தெரியும், அதை மேலிருந்து கீழ வரைக்கும் வெட்டிப் புத்தகம் மாதிரி விரிச்சு, மூக்குச் சவ்வு விளிம்போட விளிம்பு சேர்த்துப் படுக்க வைக்க முடியும். வெற்றுத் துளையோட அகலத்துக்காக நான் பேசல, சவ்வு சவ்வோட சேரணும்ங்கறதுக்காகப் பேசறேன்.

#10 இமையோரம்

அப்படிச் சொன்னால் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். என் அனுபவமும் அதுவே.

#11 ஆப்டோ_தஞ்சை

ட்யூப் பற்றியும் சொல்லுங்கள் டாக்டர். போட்டால் அடையாது என்று நோயாளிகளிடம் சொல்கிறார்கள். மைட்டோமைசின் தடவினால் தழும்பு வராது என்றும் சொல்கிறார்கள்.

#12 நாசித்துளை

முதல் தடவை செய்யற சாதாரண கேஸ்ல, ட்யூப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னுதான் பல ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுது. இமைக் குழாய் குறுகி இருந்தா, இல்ல இரண்டாம் தடவை செய்தா, நான் போடுவேன். தேவையில்லாம ரொம்ப நாள் விட்டா ட்யூபே உராய்ஞ்சு துளை வாய்ல சதைக்கட்டி வளரும். இறுக்கமா இருந்தா இமைத் துளையையே அறுத்துக்கிட்டு வரும். மைட்டோமைசின் தழும்பு திசு வளர்றதைக் குறைக்கற மருந்து, சில நிமிஷம் தொட்டு வச்சுக் கழுவிடுவோம். ஆய்வு முடிவுகள் ரெண்டு பக்கமும் இருக்கு. தப்பான இடத்துல போட்ட துளையை எந்த மருந்தும் காப்பாத்தாது.

என்னைப் பொறுத்தவரைக்கும் ட்யூப், மருந்தை விட முக்கியமானது, ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில வாரம். அப்பதான் வாய் சுருங்குது. அந்தச் சமயம் நோயாளியைக் கூப்பிட்டு எண்டோஸ்கோப்ல பார்த்து, காய்ஞ்ச பொருக்கை எடுக்கணும், சதைக்கட்டி வளர ஆரம்பிச்சா கவனிக்கணும், டர்பினேட்டும் சுவரும் ஒட்டிக்க ஆரம்பிச்சா பிரிச்சு விடணும். மூக்கு நடுத்தண்டு அந்தப் பக்கம் வளைஞ்சிருந்தும் சரி பண்ணாம விட்டா இந்த ஒட்டல் சுலபமா வரும். கண் டாக்டர் ஒரு ஊர்ல, மூக்கு டாக்டர் இன்னொரு ஊர்ல, ட்யூப் எடுக்கறது மூணாவது இடத்துல. நம்ம ஊர்ல இந்தத் தொடர் கவனிப்பு அறுந்து போறது இப்படித்தான். கோபமா வருது.

#13 வாய்க்கால்மேடு

என் சந்தேகத்தையும் இங்கேயே கேட்கலாமா? என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய்க்கு வாரா வாரம் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றினார்கள். அப்போதிருந்து இரண்டு கண்ணிலும் நீர். டி.சி.ஆர். செய்யலாமா என்று ஓர் இடத்தில் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு முகவாதம் வந்து சரியான பிறகும் ஒரு கண்ணில் நீர். அவருக்கும் இதே சிகிச்சைதானா?

#14 இமையோரம்

இருவருக்கும் அவசரப்பட வேண்டாம். டோசிடாக்செல் கண்ணீரிலும் கலந்து வந்து, இமைத் துளையையும் குழாய்களையும் சுருக்கி அடைத்துவிடும். அடைப்பு பைக்கு மேலே. அங்கே அடைத்திருக்கும்போது பையை மூக்குக்குள் திறந்தால் அந்தப் பைக்குக் கண்ணீரே போய்ச் சேராது. ஆரம்பத்திலேயே கவனித்தால் குழாய்களில் ட்யூப் போட்டுக் காப்பாற்ற முடியும், அதனால் புற்றுநோய் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் சீக்கிரம் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை அவர்களாக நிறுத்தக் கூடாது. குழாய்கள் முழுதாக அழிந்துவிட்டால் கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு நேராகச் சிறு கண்ணாடிக் குழாய் வைப்போம், ஜோன்ஸ் குழாய் என்பது அதுதான்.

டி.சி.ஆர். தவறுவதற்கு, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய காரணமும் இதுவே. சிரிஞ்சிங் செய்யும்போது கம்பி பைக்குள் போய் எலும்பில் ‘டக்’கென்று முட்டினால் குழாய் நன்றாக இருக்கிறது. மெத்தென்று நின்றுவிட்டால் அடைப்பு குழாயிலேயே இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைப் பார்க்காமல் அறுவைக்குப் போனால் பிறகு மூக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

முகவாதக்காரருக்குப் பாதை திறந்தே இருக்கலாம், கீழ் இமை தளர்ந்து தள்ளும் வேலை நின்றிருக்கும். அதற்கு இமையை இறுக்கும் சிகிச்சை. கண் உலர்ந்து போவதால் எரிச்சலில் நீர் கொட்டுபவர்களும் உண்டு, அவர்களுக்குச் சொட்டு மருந்தே போதும். இவர்களுக்கெல்லாம் டி.சி.ஆர். செய்தால் துளை அழகாகத் திறந்திருக்கும், நீர் மட்டும் நிற்காது.

இன்னொன்று: மூக்கோர வீக்கம் கண்மூலைத் தசைநாருக்கு மேலே பரவியிருந்தாலோ, கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தாலோ, அது பையில் வளரும் கட்டியாக இருக்கலாம். அறுவைக்கு முன் சி.டி. எடுக்க வேண்டும், திசுச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் உண்டாகும் நோய்) போன்ற நோய்கள், தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின், முகத்தில் பழைய எலும்பு முறிவு, இவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. இவர்களுக்கு மீண்டும் அடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

#15 நெல்லைக்காரி

எல்லாருக்கும் நன்றி. இங்க படிச்சதை வச்சு, வேற ஒரு இடத்துல கண் டாக்டரும் மூக்கு டாக்டரும் சேர்ந்து பாக்குற கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனோம். கண்ல மஞ்சள் சாயம் விட்டாங்க, மூக்குல எண்டோஸ்கோப் விட்டு டிவியில காட்டினாங்க. இமைச்சுக்கிட்டே இருந்தும் ரொம்ப நேரம் கழிச்சு லேசாத்தான் சாயம் வந்துச்சு. மேல சின்னதா ஒரு துளை தெரிஞ்சுது. அதுக்குக் கீழ சுவர் உப்பி இருந்துச்சு. வெளிய அழுத்தினதும் அந்த உப்பல் அசைஞ்சுது, சளி மேல ஏறித் துளை வழியா கொஞ்சம் எட்டிப் பாத்துச்சு. கீழ் பாதிப் பை திறக்கவே இல்லைன்னு சொன்னாங்க. நாசித்துளை சார் சொன்னதேதான். நடு டர்பினேட்டும் ஒரு இடத்துல சுவரோட ஒட்டியிருக்காம்.

திரும்ப மூக்கு வழியாவே செய்யலாம்னு சொல்றாங்க. சம்மதிக்கலாமா?

#16 நாசித்துளை

காரணம் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, இமைக் குழாய் நல்லா இருக்கு. திருத்தறதுக்கு நல்ல வாய்ப்புள்ள கேஸ். மூக்கு வழியாப் போனா ஒட்டலையும் அதே நேரத்துல பிரிச்சிடலாம். மீதி எலும்பை எடுத்து, பையைக் கீழ வரைக்கும் திறந்து விடுவாங்க. சி.டி. எடுத்திருக்காங்களான்னு கேளுங்க, முதல் தடவை எலும்பு எதுவரைக்கும் எடுத்திருக்குன்னு அதுல தெரியும். முதல் ஆபரேஷனோட டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில கொண்டு போங்க. முடிஞ்ச பிறகு முதல் மாசம் யார் எண்டோஸ்கோப்ல பார்ப்பாங்க, எந்தெந்தத் தேதியிலன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. முதல் வாரம் மூக்கைப் பலமாச் சிந்தக் கூடாது. அம்மா ரத்தம் நீர்க்கிற மாத்திரை ஏதாவது சாப்பிட்டா, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேக்காம நிறுத்த வேண்டாம்.

#17 பழைய தழும்பு

நல்ல செய்தி அம்மா. இமையோரம் அவர்கள் எழுதியதைப் படித்தபின் வெளியில் வெட்டினால்தான் சரி என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

#18 நெல்லைக்காரி

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அதே இடது கண்ல அம்மாவுக்குக் கண்புரை முத்தியிருக்கு. ஊர்ல இலவச முகாம் வருது, அதுல லென்ஸ் வச்சுக்கறேன், இத அப்புறம் பாத்துக்கலாம்னு அம்மா சொல்றாங்க. எதை முதல்ல செய்யணும்?

#19 இமையோரம்

கண்ணீர்ப் பை முதலில். இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். பையில் சீழோ சளியோ இருக்கும்போது கண்ணுக்குள் அறுவை செய்தால் கிருமி உள்ளே இறங்கிக் கண்ணே கெட்டுப் போகும் ஆபத்து உண்டு. நம் ஊர் முகாம்களில் கண்புரைக்கு முன் எல்லோருக்கும் நீர்ப்பாதை பார்ப்பது அதற்காகத்தான். அம்மாவுக்குச் சிரிஞ்சிங் பாதி இறங்குவதால், கூட்டத்தில் யாராவது ‘பாதை சரி’ என்று குறித்துவிடக்கூடும் என்பதுதான் என் கவலை. அழுத்தினால் சளி வருகிறது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அழுத்தியும் காட்டச் சொல்லுங்கள்.

திருத்த அறுவை முடிந்து, துளை ஆறி, அழுத்தினால் எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகு கண்புரைக்குத் தேதி வாங்கலாம். அதுவரை புரை காத்திருக்கும். இடையில் மூக்கோரம் சிவந்து வீங்கி வலி எடுத்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

#20 நெல்லைக்காரி

சரி மேடம். முகாம் பேர் பட்டியல்ல இருந்து அம்மா பேரை எடுக்கச் சொல்லிட்டேன்.